கிளிப்

முதல் பூசை முடிந்தால் ஞாயிறு என்னுடையது.
மத்தியானம் வரை யாரும் கூப்பிடக் கூடாது.
தகரக் கொட்டகைக்குள் என் பத்மினி,
எழுபத்தெட்டு மாடல்,
சக்கரமில்லாமல் செங்கல் அடுக்கின் மேல்.
தேவிபட்டினத்தில் ஒரு ரைஸ்மில்லின் பின்னால்
ஆட்டுக்கொட்டிலாகக் கிடந்ததைப்
பதினோராயிரம் கொடுத்துத் தூக்கி வந்தேன்.
பின் சீட்டு மடிப்பில்
இன்னும் புழுக்கை அகப்படுகிறது.

ஒரு கதவுப் பிடியை மூன்று ஞாயிறு தேய்த்தேன்.
கார்புரேட்டரைக் கழற்றிப்
பழைய பேப்பரில் பரப்பினால்
ஜெட், மிதவை, ஊசி என்று
ஒவ்வொன்றும் தன் பெயர் சொல்லி உட்காரும்.
தப்பாக மாட்டினால் கழற்றிக்கொள்ளலாம்.
மாட்டியபின் ஒன்று மிஞ்சினால்
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கலாம்.
கச்சான் அடித்துத் தகரம் படபடக்கும்.
முந்நூறு அடி தள்ளி நிற்கிற கடல்
நான் பளபளப்பாக்கியதை எல்லாம்
ராவோடு ராவாகத் துருவாக்கிக் கொடுக்கும்.
கொடுக்கட்டும். அடுத்த வாரத்துக்கு வேலை.
வள்ளத்துக்குப் பூசுவதுபோல
அடிப்பக்கம் முழுக்கச் சூடை எண்ணெய் பூசியிருக்கிறேன்.
தங்கச்சிமடத்துப் பூனைகள் பாதி
என் காருக்குக் கீழேதான் தூங்குகின்றன.

ஆனால் வாசலில் நிற்கிறதே ஆம்னி,
அது லேசாகச் செருமினாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.
பிலோமி விடியுமுன் கரையில் நண்டு எடைபோட்டு
எட்டுக் கூடை ஏற்றி
ஏழு மணிக்குள் மண்டபம் கம்பெனியில் இறக்க வேண்டும்.
ஏழரை என்றால் விலை வேறு.
எட்டரை என்றால் விலை என்று ஒன்றில்லை.
அந்த வண்டிக்கு நாற்பதில் ஒரு சத்தம் வந்து
இருபது நாள் ஆகிறது.
சத்தத்தின் பெயர் எனக்குத் தெரியும்.
இரவில் பாம்பைப் பெயர் சொல்லாததுபோல
சொல்லாமல் இருக்கிறேன்.
பூசைக்குப் போகையில் ரேடியோவைக் கூட்டி வைக்கிறேன்.
காலையில் வண்டி நின்ற இடத்தில்
பச்சையாக நாலு சொட்டு.
செருப்பால் மணலை இழுத்து மூடிவிடுகிறேன்,
பூனை மாதிரி.

புதன்கிழமை ஆறரைக்கு போன்.
"பாலத்து மேட்டுல நிக்கிறேன். புகையுது.
நண்டு முந்தி வேகுதா இன்ஜின் முந்தி வேகுதான்னு
பாத்துக்கிட்டிருக்கேன்."

போனேன்.
ஆம்னிக்கு சீட்டைத் தூக்கினால்தான் இன்ஜின் தெரியும்.
அவளுடைய ரசீதுகள், மணல்,
போன கிறிஸ்துமஸுக்குத் தொலைந்த தோட்டின் திருகு,
அதற்குக் கீழே கொதிக்கிற இரும்பு.
சுற்றுலா பஸ்கள் ஹாரனில் திட்டிக்கொண்டு போயின.
ஒரு புதுமாப்பிள்ளை
எங்கள் புகை விழாத மாதிரி நின்று செல்ஃபி எடுத்தான்.
கொட்டகையில் சீட்டியடித்தபடி திருகும்
அதே பத்தாம் நம்பர் ஸ்பேனர்
இங்கே இரண்டு தடவை நழுவியது.
நனைந்த சாக்குக்குள் நண்டுகள் பிறாண்டிக்கொண்டிருந்தன.
அவை என்னைத்தான் கேட்கின்றன என்று பட்டது.

ஹோஸ் நன்றாக இருந்தது.
கிளிப்தான் உப்பில் அரித்து, தொட்டதும் இரண்டாக வந்தது.
அதே அளவில் ஒன்று எங்கே இருக்கிறது என்று
எனக்குத் தெரியும்.
பைக்கைத் திருப்பினேன்.
பத்மினியின் ரேடியேட்டரில்,
உப்புத்தாள் போட்டுத் தேய்த்து
என் முகம் தெரிகிற அளவுக்கு வைத்திருந்தேன்.
கழற்றுகையில் பூனைகூட எழுந்திருக்கவில்லை.

முக்கால் திருகு.
மூன்று பாட்டில் தண்ணீர்.
இதற்கா இருபது நாள்!

எட்டே காலுக்கு இறக்கினாள்.
கம்பெனி ஆல்வின் கிலோவுக்கு எண்பது குறைத்தான்.
அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை,
அது எண்பதை விடக் கூடுதல்.

பத்மினியின் குழாயை
இப்போதைக்கு வலைக்கயிற்றால் கட்டியிருக்கிறேன்.
அழகாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் இரண்டு பேருமாக ஐஸ் வாங்கப் போனோம்.
அவள் ஓட்டினாள்.
பாலத்தில் ஏறுகையில் ரேடியோவை அணைத்தாள்.
"இது என்ன சத்தம்?"
கச்சான் என்றேன்.
"கச்சான் நாப்பதுல மட்டுமா அடிக்கும்?"