இரண்டேகால் மடங்கு

செக்காலை ரோட்டில் எங்கள் டிராவல்ஸ்.
இரண்டு வண்டி. ஒரே கம்பெனி, ஒரே வருடம்,
ஒரே வெள்ளை.
காரைக்குடியிலிருந்து திருச்சி ஏர்போர்ட் போய்த் திரும்ப
அருளப்பன் ஓட்டினால் எட்டரை லிட்டர் டீசல்.
சேவுகன் ஓட்டினால் பன்னிரண்டரை.

நாலு லிட்டர் எங்கே போகிறது?
முகூர்த்த மாதம். மலேசியாக்காரர்கள்
கல்யாணத்துக்கு வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.
வாரத்துக்கு ஐந்து ட்ரிப்.
கணக்கு எழுதுகிறவள் நான்.
ஒரு கேன், ஒரு ரப்பர் குழாய்,
புதுக்கோட்டை பைபாஸில் காத்திருக்கும் யாரோ ஒரு மச்சான்.
மனதுக்குள் முழுப் படமும் ஓட்டிப் பார்த்துவிட்டு
சம்பளத்தில் ஆயிரத்து ஐந்நூறு பிடித்தேன்.
அவன் ஏன் என்று கேட்கவில்லை.
கேட்காததையும் அவன் பெயரில் பற்று எழுதினேன்.

அடுத்த செவ்வாய் விடிகாலை நாலுக்கு
"திருச்சியில் ஒரு வேலை" என்று
பின் சீட்டில் ஏறிக்கொண்டேன்.
மடியில் கைப்பை, கைப்பைக்குள் நோட்டு.

ஊர் முடிகிறவரை ரோட்டில் படுத்திருந்த மாடுகளுக்கு
விளக்கைத் தணித்துத் தணித்துப் போனான்.
கானாடுகாத்தான் விலக்கு தாண்டி
முள் எண்பதில் நின்றது, அறைந்த ஆணி மாதிரி.
எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

அப்போது அவன் போன் அடித்தது.
என் வீட்டுக்காரர் குரல்,
நான் சொல்லிக்கொடுத்த அதே வாக்கியம்:
"எங்க வர்றே?"
"திருமயம் கிட்டண்ணே."
"இன்னுமா?"

தொண்ணூறு.
நூறு.
நூற்றிருபது.
கோட்டை இருட்டாக எழுந்து வந்தது,
வந்த வேகத்தில் போயும் விட்டது.
கண்ணாடி ஏற்றியிருந்தும் காதோரம் இரைச்சல்.
அதுவரை வழிவிட்டு நின்ற காற்று
இப்போது பம்பரைப் பிடித்துக்கொண்டு
பாக்கி கேட்டது.

நோட்டை எடுத்தேன்.
எண்பதுக்கு நூற்றிருபது, ஒன்றரை.
ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால்
இரண்டேகால்.
காற்றுக்குத் தவணை கிடையாது. தள்ளுபடி கிடையாது.
கொடுத்த இடத்திலேயே, கொடுத்த நொடியிலேயே
வட்டியோடு எடுத்துக்கொள்கிறது.
பர்மா வரைக்கும் போய் வட்டிக்கு விட்ட ஊர்,
இந்த ஒரு கடைக்காரரை மட்டும்
எனக்கு யாரும் காட்டித் தரவில்லை.

கீரனூருக்கு முன் இன்னொரு போன்.
"எங்க வர்றே?"

அருளப்பன் ஓட்டும்போது போனை எடுக்கவே மாட்டான்.
திமிர் என்று அவனைத் திட்டியிருக்கிறேன்.

விமானம் நாற்பது நிமிடம் தாமதம்.
நாலு லிட்டர் கொடுத்து வாங்கிய கால் மணி நேரத்தை
என்ன செய்வதென்று தெரியாமல்
பார்க்கிங் ஓரம் நின்று ஆளுக்கொரு டீ குடித்தோம்.
சர்க்கரை அதிகம்.

திரும்பும்போது வீட்டுக்காரரின் வாயை அடைத்தேன்.
எண்பதில் வந்தோம். ஈப்போவிலிருந்து வந்த அம்மாள்
பள்ளத்தூர் வரை வாய் திறந்து தூங்கினார்.
பங்க்கில் டேங்க்கை நிரப்பினால் பத்தரை லிட்டர்:
போனது சேவுகன் கணக்கு, வந்தது அருளப்பன் கணக்கு.

ஆயிரத்து ஐந்நூறை நீட்டினேன்.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினான். அது பிடித்தது.

"இனிமே எண்பதுலயே போ. யாரும் போன் பண்ண மாட்டாங்க."
"சரிக்கா. அப்ப நாலுக்கு இல்ல, மூணே முக்காலுக்கு எடுக்கணும்."
"எடு."
"கால் மணிதான். ஆனா மூணே முக்கால் வண்டின்னா
ரெண்டுக்கே முழிப்பு வந்துருதுக்கா.
படுத்துக்கிட்டே ஓட்டிக்கிட்டு இருப்பேன்."

டீசல் பக்கத்தில்
நாலு லிட்டர் மிச்சம் என்று எழுதியாயிற்று.
அந்த இரண்டு மணியை எந்தப் பக்கம் எழுத?
பேனா மூடி என் பல்லிடுக்கில் இருக்கிறது.
வெளியே சேவுகன்
முன் கண்ணாடியில் அப்பிய பூச்சிகளைச்
சுரண்டிக்கொண்டிருக்கிறான்.
போகும்போது அடித்தவை.