கோட்டைவாசல் சாவடி, 1118

அப்பா பேரிலிருந்த பதினோரு சென்ட் நிலத்துக்குத்
தண்டப்பேர் தேடிப் போன இடத்தில்
தவறான கட்டை அவிழ்த்துவிட்டாள் அலுவலகத்துப் பெண்.
"இது நிலமில்லை சார், சாவடிக் கணக்கு."
பிடிபட்ட அரிசியின் கணக்கு.
யுத்தகாலத்தில் புளியரையிலிருந்து மலையேறிய
ஒவ்வொரு படியும் சர்க்காருக்குத் தெரிந்திருக்க வேண்டுமாம்.

மலையாள எழுத்து.
புனலூரில் படித்தவன் நான், வாசிக்க வரும்.
சவமில்லாத பாடையில் மூன்று மரக்கால்.
பஜனை கோஷ்டியின் மிருதங்கத்துக்குள் ஒன்றரைப் படி,
மிருதங்கம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.
சிரித்துக்கொண்டுதான் புரட்டினேன்.

கும்பம் பதினெட்டு.
பூதத்தான் பெண்சாதி முப்பிடாதி, வயது இருபத்தொன்று.
ஏழு மாதக் கர்ப்பம் என்று சொன்னாள்.
சத்திரத்துச் சமையல்காரியை வைத்துச் சோதித்ததில்
வயிற்றோடு துணியில் கட்டிய
புழுங்கலரிசி நாலு படி.
அபராதம் ஒரு ரூபாய். கட்ட வகையில்லை.
இரண்டு நாள் காவல்.
கீழே குஞ்ஞன் பிள்ளையின் கையொப்பம்,
அவசரமில்லாத கையொப்பம்.

பூதத்தான் என் அப்பா.
முப்பிடாதி என் அம்மா இல்லை.

பட்டாளத்துக்குப் போனேன் என்பார் அப்பா.
கையில் கொடுத்தது மண்வெட்டி.
அஸ்ஸாமில் மழைக்குள் ரோடு போட்டார்.
சித்திரையில் ரயிலேறியவரிடம்
அடுத்த மாசி கழிந்து ஊரிலிருந்து புதிதாய்ச் சேர்ந்த கருத்தபாண்டி
சோற்றுத் தட்டோடு வந்து உட்கார்ந்து சொல்லியிருக்கிறான்:
"மைனியை மலைப்பாதையில கண்டேன்.
ஏழு மாசம் இருக்கும்."
விரல்விட்டு எண்ணப் பத்து விரல் போதும்.
அப்பா எண்ணினார்.
கேட்டு எழுதினார்.

பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது.
இரண்டணா வாங்கிக்கொண்டு யாரோ எழுதிக் கொடுத்த கையெழுத்து,
பங்குனித் தேதி.
"நீங்க கேட்டதுக்குப் பதில்.
ஆரியங்காவு ஐயன் மேல சத்தியம்.
கருத்தபாண்டி கண்டது நெசம்.
ஆனா என் வயித்துல இருந்தது"
அதற்கப்புறம் ஒன்றரை வரி கருப்பு மை.
மைக்குப் பிறகு,
"இதை நீங்க நம்பணும்."

ஊரில் அரிசி இல்லையென்று
ரோடு போடுகிறவனுக்குத் தெரியக்கூடாது.
எங்கோ ஒரு மேசையில்
தமிழ் தெரிந்த ஒருவன்
தூரிகையைத் தொட்டுத்
தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டு
மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்பான்.

எதை நம்பச் சொல்கிறாள் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.
யுத்தம் முடிந்து திரும்பியவர்
பகவதிபுரம் ஸ்டேஷனில் இறங்கவில்லை.
ரயில் குகைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தது.
புனலூரில் காகித ஆலை, அதையடுத்த குடியிருப்பு,
பொன்னம்மா,
ஒன்றரை வருஷத்தில் நான்.

சிறுவயதில் பார்த்திருக்கிறேன்,
சிம்னி விளக்குக்கு முன்னால் ஒரு தாளைத்
திருப்பித் திருப்பிப் பிடிப்பார்.
என்னதுப்பா என்றால் கணக்கு என்பார்.
அவர் போனபின் நான் நாற்பது வாட் பல்பில் பிடித்துப் பார்த்தேன்.
பிறகு டியூப் லைட்டில்.
பிறகு பேரனின் போனில்.
மை அசையவில்லை.

நல்ல மை.
கொஞ்சம் நீர்த்துப் போயிருந்தால்
நான் பிறந்திருக்கமாட்டேன்.
அந்த மேசைக்காரனை
எப்படித் திட்டுவதென்று தெரியவில்லை எனக்கு.

அதே கட்டில் 1119-இன் காலராக் கணக்கும் இருந்தது.
புளியரைப் பகுதி: ஆண் முப்பத்தாறு, பெண் நாற்பத்தொன்று.
அரிசிக்குப் பேர் எழுதினவர்கள்
இதற்கு எழுதவில்லை.

நகலுக்கு மனுப் போட வேண்டும் என்றாள் அந்தப் பெண்.
வரி ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன்.
ராத்திரி கடிதத்தை விரித்து
மைக்கு மேலே வைத்து அளந்து பார்த்தேன்,
அந்தக் கையெழுத்தின் அளவிலேயே எழுதி.

நாலு படி அரிசி.

அரை வரிதான் வருகிறது.

இன்னும் ஒரு முழு வரி இருக்கிறது மைக்குள்.