இருளப்பன் மகன்

ஏழாம் படுக்கையின் கால்மாட்டில்
செங்கல் பருமனில் ஒரு பெட்டி.
இவன் நுரையீரல் பதினோரு நாளாக அங்கேதான் இருக்கிறது.
தொடையிலிருந்து நாவற்பழ நிறத்தில் கிளம்பும் ரத்தம்
அதற்குள் நுழைந்து
முடியைவிட மெல்லிய இழைகளை உரசிக்கொண்டு போய்
செம்பருத்தியாகக் கழுத்துக்குத் திரும்புகிறது.
நிமிடத்துக்கு நாலே கால் லிட்டர்.
மணிக்கொரு தரம் டார்ச் அடித்து
பெட்டியின் மூலைகளில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்ப்பது
என் உத்தியோகம்.

மஹ்பூலாவில் பன்னிரண்டு பேர் அறை. மேல்கட்டில்.
காய்ச்சலோடு ஐந்து நாள் பனடால் விழுங்கிவிட்டு
சாரம் ஏறியிருக்கிறான்.
ஆறாம் நாள் உதடு நீலம்.
தூக்கி வந்தவர்கள் டாக்ஸி வாடகைக்குச் சில்லறை தேடியதை
காவலாளி இன்றும் சொல்கிறார்.

பாஸ்போர்ட்டில் பின்னால் நிற்பது அப்பன் பெயர் என்பதால்
இந்த ஊர் அப்பனையே கூப்பிடுகிறது.
"இருளப்பன், கையை அழுத்து" என்கிறார் டாக்டர் ஹிஷாம்.
"இருலாபான்" என்று தோளைத் தட்டுகிறாள் ரோவெனா.
யாரோ ஒரு இருளப்பன்
எங்கோ மண்ணுக்கடியில் புரண்டு படுத்திருப்பார்.
நானும் திருத்தவில்லை.
என் சட்டையிலும் சவரிமுத்து என்றுதான் எழுதியிருக்கிறது.
அவர் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

மூக்குக் குழாயின் பிளாஸ்திரியை மாற்றும்போது பார்த்தேன்:
வலது மடலில் தூர்ந்துபோன ஒரு துளை.
பிள்ளை தங்காத வீட்டில்
பிறந்ததும் குப்பையில் புரட்டி, மூக்கைக் குத்தி
இது எங்களுக்கு அப்படியொன்றும் பெரிதில்லை என்று
எமனிடம் பாசாங்கு செய்வார்கள்.
மூக்கையா.
முன்னால் எத்தனை போயினவோ.
முப்பத்தெட்டு வருடம் எடுபட்ட பொய்.

விடியுமுன்னே சாயல்குடியிலிருந்து பஞ்சவர்ணம் கூப்பிடுவாள்.
ஒரே கேள்வி: "மூச்சு விடுறாரா?"
விடவில்லை.
விடாமலும் இல்லை.
வென்டிலேட்டர் சும்மா மார்பைத் தொட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.
இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னால்
அங்கே பந்தல்காரனுக்கு ஆள் போய்விடும்.
"இருக்கு" என்பேன்.
எங்கே என்று அவள் கேட்டதில்லை.

பதிமூன்றாம் நாள் தூசிப்புயல். நடுப்பகலில் ஜன்னல் செங்காவி.
ஸ்கேனுக்குக் கொண்டுபோகையில், லிஃப்ட் வாசலில்
மோட்டார் நின்றது.
எச்சரிக்கை மணி அலறியது. நான் கிளாம்ப் போட்டேன்,
பம்பைக் கைச்சக்கரத்துக்கு மாற்றினேன்,
கிளாம்ப் எடுத்தேன், சுற்றினேன்.
பட்டியலில் இவ்வளவுதான். செய்யும்போது
கை வேறு யாருடையதோ.
மாற்று மோட்டார் வர நாலு நிமிடம்.
தோள்பட்டை எரிய எரிய, இருளப்பனை விட்டுவிட்டு
"மூக்கையா, மூக்கையா, லேய் மூக்கையா" என்று
கத்திக்கொண்டிருந்தேனாம். ரோவெனா பிறகு சொன்னாள்.
அது ஏதோ பிரார்த்தனை என்று நினைத்தாளாம்.

இருபதாம் நாள்.
பெட்டிக்குப் போகும் ஆக்ஸிஜனை டாக்டர் ஹிஷாம்
ஆறிலிருந்து மூன்று, ஒன்று, பூஜ்யம் என்று இறக்கினார்.
ரத்தம் ஓடுகிறது, பெட்டி எதுவும் தரவில்லை.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்பருத்தி மங்கி
இரண்டு குழாயும் நாவற்பழம்.
வேறெந்த ராத்திரி என்றாலும்
இந்த நிறத்துக்கு நான் ஓடியிருப்பேன்.
இன்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
விரல் நுனியில் எண்:
தொண்ணூற்று நாலு. தொண்ணூறு. எண்பத்தொன்பது.
ஹிஷாம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்.
தொண்ணூற்றொன்று.
தொண்ணூற்றொன்று.
துளை தூர்ந்த அந்த மூக்கு மடல்
ஒருமுறை விரிந்தது. மீன் செவுள் மாதிரி, லேசாக.

போன் வந்தது.
"மூச்சு விடுறாரா?"
"விடுறாரு."
அவள் அழவில்லை. ஏதோ கணக்குப் பார்ப்பதுபோல்
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அப்ப இத்தனை நாளா?"
என்றாள்.