மூன்று வீசம்

வ்ரைஹெய்டில் வாங்கியது.
லாபுஸ்கக்னி அம்மா பெட்டியைத் திறந்து
கால் நான்கு, பெடல் மூன்று,
முழங்காலால் தள்ளும் நெம்பு நான்கு, கம்பி பத்து
என்று மளிகைபோல் எண்ணிக் கொடுத்தாள்.
“இன்னும் ஒரு சின்னச் சாமான் கிடந்தது,
என்னவென்று தெரியவில்லை, எறிந்துவிட்டேன்.”
சிரித்துக்கொண்டே காசை நீட்டினேன்.
என்னவென்று எனக்கும் அன்று தெரியாது.

சாட்ஸ்வொர்த்தில், டிவிக்கு எதிரே
கால் மாட்டி நிறுத்தினேன்.
சும்மா இருக்கிற கம்பிகள்
முறுக்காணிக்குப் பணிந்து சுருதி சேர்ந்தன.
மிதித்தால்தான் வம்பு.
ஏறவேண்டிய இடத்துக்கு ஏறாமல்
லிஃப்ட் பழுதான ஃபிளாட்டில்
நாலாம் மாடியில் நிற்கும் ஆள்போல்
கம்பி மூச்சு வாங்கியது.
அதைத் திருத்தும் நட்டுகள் வலது கோடியில்:
வெள்ளை நைலான், ஆறு பக்கம்,
துளைக்குள்ளே பல்லிமுட்டை மாதிரி.
விரல் போகாது.
குறடு போகும், போனால் கடிக்கும்.
ஒன்றில் ஏற்கெனவே
எவனோ அவசரக்காரனின் பல்தடம்.

ஐந்து மில்லிமீட்டர் ஸ்பேனர் வழுக்கிச் சுற்றியது.
நாலரை, வாசலிலேயே நின்றுவிட்டது.
ஹார்ட்வேர் கடையில்
“இந்த நாடு அங்குலத்தை விட்டு
எவ்வளவு காலமாச்சு” என்றான் பையன்,
விட்டுப்போனது என் தவறு என்பதுபோல.
பூபாலன் பஞ்சு சுற்றிப் பார்க்கச் சொன்னார்.
கல்யாணமாகி இருபத்தாறு வருடம்,
எல்லாவற்றுக்கும் பஞ்சுதான்.

ஞாயிறு ஆராதனைக்கு முன்
பாஸ்டர் கோனசேகரன் கேட்டார்,
என்ன தேடுகிறாய் சிஸ்டர் கஸ்தூரி?
“மூன்று, பதினாறு” என்றேன்.
கண்ணை மூடி வசனத்தைத் தொடங்கிவிட்டார்.
முடியும்வரை பொறுத்திருந்து
“ஆமென்” என்றேன். “அங்குலம்.”

எப்போதோ சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
பதினாறில் ஒன்று வீசம் என்று
மனப்பாடம் செய்ததுண்டு,
எதற்கும் உதவாமல் உள்ளே கிடந்தது.
அப்படியென்றால் நான் தேடுவது மூன்று வீசம்.
பேர் கிடைத்துவிட்டது.
சாமானைக் காணோம்.

கடிபட்ட நட்டைக் கழற்றி
சில்லறைப் பையில் போட்டுக்கொண்டு
வார்விக் சந்தைக்குப் போனேன்.
ந்ஸிமாண்டே ஒரு சாக்கைக் கவிழ்த்தார்.
பத்தொன்பது ஸ்பேனர்,
ஒவ்வொன்றாய் அதில் மாட்டிப் பார்த்தார்,
செருப்புக்கடைக்காரர் குழந்தையின் காலைப் பிடித்தாற்போல.
ஒன்றும் இல்லை.
தலையை அண்ணாந்து, மேலே பார்த்து
“அட” என்றார் ஜூலுவில்.

கடைக்குடையின் கம்பத்தில்
ஆணிக்குப் பதிலாய்ச் செருகியிருந்தது,
குட்டையாய், மரப்பிடி கறுத்து, குழாய்வாய்.
அதை உருவினால் குடை விழும்.
உருவினார். விழுந்தது.
இருவரும் துணிக்கடியில் நின்றோம்.
அந்த நீல இருட்டில் நட்டை வைத்து,
தலைகீழாய்ப் பிடித்தார்.
உதறினார். விழவில்லை.

“விற்க மாட்டேன், வெயில்.”
என் பையிலிருந்த ஐந்து மில்லிமீட்டரை
கம்பத்தின் துளையில் சொருகினேன்.
குடை எழுந்து நின்றது.
வழுக்கவில்லை, சுற்றவில்லை.
அது சேரவேண்டிய துளை அதுதான் போலும்.
மேலே நாற்பது ராண்ட் கொடுத்தேன்.
ஐம்பது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்,
இதை அவரிடம் சொல்லவேண்டாம்.

இரவு, இடது கால் பெடலில்,
வலது கை கோடியில்,
கால்திருப்பு, அரைக்கால்திருப்பு.
டியூனரின் முள் நட்டநடுவில் நின்றது.
சரிதான், ஆனால் கேட்கச் சரியில்லை,
இஸ்திரி போட்ட சிரிப்பு.
மயிரிழை இறக்கினேன், முள்ளைப் பாராமல்.
அடுக்களையில் குழாயை மூடினார் பூபாலன்.
பஞ்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை டர்பனில் பேய்மழை.
பஸ் ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்:
நீலக்குடை நின்றுகொண்டிருந்தது.