ஒண்ணுமில்லை

ஒரு நாளைக்கு இருபது தடவையாவது
அந்த வரியை அடிக்கிறேன்.
இங்கிலீஷில்தான் அடிப்பேன்,
தமிழில் சொன்னால் இப்படி வரும்:
நோய்க்கிருமி வளரவில்லை,
தோலில் வழக்கமாக இருப்பவை மட்டும்.

போனில் கேட்பார்கள்,
"ஒண்ணுமில்லையே மேடம்?"
"ஒண்ணுமில்லைங்க."

புரசைவாக்கத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே
இரண்டாவது மாடியில்
அந்த ஒண்ணுமில்லையை
முப்பத்தேழு டிகிரியில் அடைகாக்கிறேன்.
விடிந்தால் ரத்த அகார் மேல்
குண்டூசித் தலை அளவில்
வெள்ளை வெள்ளையாக எப்பிடெர்மிடிஸ்.
முழங்கையிலிருந்து வந்ததும் அதுதான்
மூக்கோரத்திலிருந்து வந்ததும் அதுதான்.
சில நாள் எலுமிச்சை நிறத்தில் ஒரு பொட்டு.
மயிர்க்கால் குழிக்குள் காற்றுப் படாமல் கிடப்பது
தலைகாட்ட ஒரு வாரம் ஆகும்.
இங்கே யார் காத்திருக்கிறார்கள்,
ரிப்போர்ட் நாளை மாலை ஐந்துக்கு.
தலையில் இருக்கும் பூஞ்சைக்கு எண்ணெய் வேண்டும்,
எண்ணெய் இல்லாமல் முளைக்காது.
இந்த ஊர்த் தலைகளில் அதற்குப் பஞ்சமில்லை.

பயிற்சிக்கு வந்த ரோஷன்
கை கழுவுமுன் ஒரு தட்டில் கட்டைவிரலை அழுத்தினான்,
கழுவிய பின் இன்னொன்றில்.
இரண்டாவதில்தான் கூட்டம்.
பையன் முகம் விழுந்துவிட்டது.
"நகத்தடியில இருந்ததெல்லாம்
நீ தேச்ச தேய்ப்புல வெளிய வந்துடுச்சு,
தண்ணி லாரி சத்தம் கேட்ட தெரு மாதிரி"
என்றாள் டெய்சி ராணி.

கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
பாடி மேம்பாலத்தில் பஸ் நிற்கிறது.
கம்பியைப் பிடித்த கைகள் எல்லாம் உயர்ந்திருக்க
ஒருத்தி மூக்கைப் பொத்துகிறாள்.
வியர்வைக்கு என்று ஒரு வாசனையும் கிடையாது,
அக்குளில் இருப்பவை அதைத் தின்றால்தான் உண்டு.
சொல்லலாம். பஸ்ஸில் யாரிடம் சொல்ல.

ஏகாம்பரத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இரவு ஷிப்ட்.
நான் ஏறும் படியில் அவர் இறங்குவார்
அவர் ஏறும் படியில் நான் இறங்குவேன்.
நடுவில் சாவி கைமாறும்.
ஒரே கட்டில்.
நான் எழுந்துபோன சூட்டில் அவர் படுப்பார்,
பதினொரு வருஷமாக.
ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இருப்போம்
அதிலும் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்போம்.
சண்டை கிடையாது.
சண்டை போட எங்கே நேரம்.
வேலூரிலிருந்து அக்கா கேட்டாள்,
"உங்களுக்குள்ள ஒண்ணுமில்லையே?"
"ஒண்ணுமில்லைக்கா."

தேதி முடியப்போகும் தட்டுகள் மிச்சம் இருந்தன.
இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.
ஞாயிறு மதியம்
அவர் உள்ளங்காலில் பஞ்சுக்குச்சியை ஓட்டினேன்.
கொசு என்று காலை இழுத்துக்கொண்டார்.
அப்புறம் என் காலில்.
பெயர் எழுதவில்லை. ஒன்று, இரண்டு, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை டெய்சி ராணி
இரண்டையும் ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள்.
"ஒரே ஆளுக்கு எதுக்குடி ரெண்டு தட்டு?"

எனக்குத் தெரியாததா.
வெறும் கண்ணுக்கு எல்லார் காலும் இப்படித்தான் தெரியும்.
எது எவருடையது என்று சொல்லும் மெஷின்
இந்த மாடியில் இல்லை,
வாங்கவும் மாட்டார்கள்.
இருந்தும் நான் அவளைத் திருத்தவில்லை.
சாயங்காலம் வரை
இரண்டும் என் மேஜை ஓரத்தில்
ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

பிறகு ஆட்டோகிளேவ்.
நூற்றிருபத்தொன்று டிகிரி, பதினைந்து நிமிஷம்.
எல்லாத் தட்டும் உள்ளே போன பின்
கடைசியாக அந்த இரண்டையும் வைத்து மூடினேன்.

படியில் அவர் இறங்கி வந்தார்.
சாவியை நீட்டினார், விரல் பட்டது,
நான் விடாமல் நின்றிருப்பேன் போல.
"என்ன?" என்றார்.
வழக்கமான பதில் வாய்வரை வந்தது.
கீழே பார்த்தேன்.
"அது என்னோட செருப்பு."
அவரும் குனிந்து பார்த்தார்.
கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது.
அதைப் போட்டுக்கொண்டே இறங்கிப் போனார்.