வானைக் கழித்தபின்

நான் வானியல் படித்தவள் இல்லை.
தொலைநோக்கியை ஓட்டுகிறேன்,
அண்ணன் தாமிரச் சுரங்கத்தில் லாரி ஓட்டுவதுபோல.
அவனுக்குப் பகல். எனக்கு இரவு.
இருவர் பல்லிடுக்கிலும் அட்டகாமாப் புழுதி.

இன்று வைப்கேயின் பட்டியலில் பதினோராவது.
பெயர் கிடையாது, எண்தான்.
ரேடியோ வரைபடத்தில் அது
இரு கையும் விரித்துக் கத்துகிறது,
கைக்குப் பத்து லட்சம் ஒளியாண்டு நீளம்.
கண் காணும் ஒளியிலோ மங்கலாய் ஒரு பொட்டு:
வீட்டில் யாருமில்லை என்று
கதவுக்குப் பின்னிருந்து தானே பதில் சொல்லும் குழந்தை.

நடுவில் தூசு, என்கிறாள் வைப்கே,
ஹைடல்பெர்க்கிலிருந்து, காபி உறிஞ்சியபடி.
நீலம் அதில் மாட்டிக்கொள்ளும்.
அகச்சிவப்பு கொஞ்சம் நெட்டைக்கால்;
துகள்களைத் தாண்டித் தாண்டி வந்துவிடும்.

தொல்லை என்னவென்றால்
இந்த ஒளியில் எல்லாமே எரிகிறது.
கண்ணாடி, குவிமாடம், காற்று, என் கை.
அதனால்தான் மத்தியானம் ரெமிஹியோ
ஓட்டைக் கையுறையோடு
கருவிக்குத் திரவ நைட்ரஜன் ஊட்டிவிட்டுப் போனான்.
அதனால்தான் இந்தக் கணக்கு:
ஐந்து நிமிடம் அதன்மேல்.
ஒரு மயிரிழை தள்ளி, வெற்று வானத்தின்மேல் ஐந்து நிமிடம்.
அதிலிருந்து இதைக் கழி.
வானத்திலிருந்து வானத்தைக் கழி.

இரண்டரைக்குக் கடலிலிருந்து கமஞ்சாக்கா ஏறியது.
ஈரப்பதம் அறுபத்தாறு.
எழுபது தொட்டால் மூட வேண்டும், அது விதி.
இன்னும் ஒன்று, என்றாள்.
அறுபத்தெட்டு.
இன்னும் ஒன்று.

அப்போதுதான் திரையில் ஹைட்ரஜன் கோடு எழுந்தது.
பழைய படங்களில் ஊசிபோல் இருந்த கோடு
இங்கே மலையடிவாரம்போல் அகன்று கிடந்தது.
அகலம் என்றால் வேகம்; அவ்வளவு எனக்குத் தெரியும்.
நொடிக்கு நாலாயிரம் கிலோமீட்டர்,
ஏதோ ஒன்றைச் சுற்றி,
அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால்.

வைப்கே ஒன்றும் பேசவில்லை.
கோப்பை வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

எழுபத்தொன்று.
மூடினேன். ஒரு புள்ளி தாமதம்;
பதிவேட்டில் எழுதியும் வைத்தேன்.

கடைசிப் படத்துக்கு ஜோடி வானம் கிடைக்கவில்லை.
கழிக்க வழியில்லை.
அதில் எல்லாம் அப்படியே இருக்கிறது:
அந்தப் பசித்த நடு, இந்த மலைக் காற்று,
கண்ணாடியின் சூடு,
பனிமூட்டத்தின் முதல் விரல்.

இது உதவாது, அழித்துவிடலாமா, என்று கேட்டாள்.

இருக்கட்டும், என்றேன்.