மேற்படி காணி

கச்சேரிக்குப் போகிற வழியில்
போட்டோக்கொப்பிக் கடைக்குப் பின்னால்
எட்டடிக்கு ஆறடி அறை.
பலகையில் என் பெயர். அதன் கீழே
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
அதற்கும் கீழே, கடைக்காரன் தன்பாட்டில் சேர்த்தது:
லமினேட்டிங்கும் செய்யப்படும்.

இன்று காலை முழுக்க ஒரே வினைச்சொல்.
வங்கிக் கடிதத்தில் காசோலை கிளியராகவில்லை;
மாறவில்லை என்று எழுதினேன்.
துறைமுகத்தில் யாரோ அனுப்பிய பெட்டி கிளியராகிவிட்டது;
சுங்கம் விடுத்தது.
ஆஸ்பத்திரித் துண்டில் நெஞ்சு கிளியர். சளி இல்லை.
ஒரு பெடியனை நீதவான் கிளியர் பண்ணியிருந்தார்.
குற்றமற்றவன் என்று நான் அடிக்கையில்
அவன் தாய் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து
ஒவ்வொரு எழுத்தும் விழுவதைப்
பார்த்துக்கொண்டு நின்றாள்.

இங்கிலீசுக்கு ஒரு விளக்குமாறு போதும்.
எனக்கோ முற்றத்துக்கு ஈர்க்கு, வீட்டுக்குள்ளே தும்புத்தடி.
கடனென்றால் தீர்க்கவேண்டும்,
தொண்டையென்றால் செருமவேண்டும்,
மழை விட்டால் வானம் தானே வெளிக்கும்,
அதற்கு ஆளே தேவையில்லை.

பத்தரைக்கு வந்தார்
மயிலிட்டி வஸ்தியாம்பிள்ளை கிளெமென்ற்.
பொலித்தீன் பைக்குள் இன்னொரு பொலித்தீன் பை,
அதற்குள் நாலாய் மடித்த ஒரு தாள்.
விசாரணைக்குத் தமிழில் வேணுமாம்.
தாளில் ஒரே ஒரு வரி:
மேற்படி காணி தொண்ணூறாம் ஆண்டு ஆனியில்
கிளியர் செய்யப்பட்டது.
யார் செய்தது, இல்லை.
எதை, இல்லை.
கையொப்பம் ஒரு நெளிந்த புழு.

துப்புரவாக்கப்பட்டது என்று அடித்தேன்.
"அப்ப நாங்கள் என்ன பிள்ளை, குப்பையோ?"
அழித்தேன்.

வெட்டி வெளியாக்கப்பட்டது.
"பத்தை பிறகுதானே வந்தது.
அப்ப ரெண்டு மாமரமும்
வலை காயப்போடுற கயிறும் நிண்டது."
அழித்தேன்.

விடுவிக்கப்பட்டது.
இதற்குச் சிரித்தார்.
"அது இருபத்தேழு வருசம் கழிச்சு வந்த சொல்லு.
அதுக்கு வேற கடிதம் கிடக்கு."

வெறுமையாக்கப்பட்டது.
கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, "எங்கட நாய் அங்க நிண்டது," என்றார்.
"படலையைத் திறந்துதான் விட்டனாங்கள்.
வரேல்லை."

உள்ளதை உள்ளபடி, கூட்டாமல் குறைக்காமல்
என்று கை உயர்த்திச் சத்தியம் செய்தவள் நான்.
ஆட்கள் என்ற சொல் மூலத்தில் இல்லை.
ஒளித்தவன் எவ்வளவு ஒளித்தானோ
அவ்வளவு நானும் ஒளிக்கவேண்டும்,
முத்திரை குத்தி.

அந்த எரிச்சலில் கை தன்பாட்டில் அடித்தது:
மேற்படி காணி அகற்றப்பட்டது.

பிழை.
மிதிவெடியை அகற்றலாம், மேசையை, மனிசரை அகற்றலாம்.
கிணறும் வேலியும் கடற்காற்றுமாய்
ஒரு காணியைத் தூக்கி
எங்கே கொண்டுபோய் வைப்பது?
அழிக்கப்போனேன்.
அவர் விரல் திரையில் வந்து நின்றது.
நகத்துக்குள் வள்ளத்துப் பெயின்ற், நீலம்.
"இருக்கட்டும் பிள்ளை," என்றார்.
"உதுதான் நடந்தது."

பிழையென்று தெரிந்த சொல்லுக்குக் கீழே
சரியென்று ஒப்பம் வைத்தேன்.
முத்திரை அதன்மேல் விழாமல்
தள்ளிக் குத்தினேன்.
அறுநூறு ரூபா. அவரிடம் ஆயிரம் தாள்,
என்னிடம் மாற்றின காசில்லை.
"மிச்சத்துக்கு உதை லமினேட் பண்ணித் தாங்கோ."
எதை, தமிழையா இங்கிலீசையா என்று கேட்டேன்.

"ரெண்டையும்," என்றார்,
"முதுகோட முதுகு வைச்சு."